ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டிய வீட்டு உத்திகள் மட்டும் இங்கே போடுங்க

மொட்டைமாடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. அஞ்சு நிமிஷ வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு. காலி பாட்டிலை வெட்டுறாங்க, ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறாங்க, குளூ கன் வச்சு முத்தும் ஜிகினாவும் ஒட்டுறாங்க, கடைசியில பூச்சாடின்னு நீட்டுறாங்க. சந்தையில அதே விலைக்கு நாலு மண்சாடி வாங்கலாம். புதுசா பத்துப் பொருள் வாங்கி ஒரு குப்பைக்கு அலங்காரம் பண்றதை மறுபயன்பாடுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

இந்த இழைக்கு நிபந்தனை ஒண்ணுதான். நீங்க போடுற உத்தி உங்க வீட்டுல ஒரு கோடை வெயிலையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டி இன்னும் உயிரோட இருக்கணும். எங்கே சொதப்புச்சுன்னும் சேர்த்து எழுதுங்க, அதுதான் மத்தவங்களுக்கு ரொம்ப உபயோகம்.

நானே ஆரம்பிக்கிறேன். அரை லிட்டர் பால் கவர். மூலையைச் சின்னதா வெட்டும்போது அந்தத் துணுக்கை முழுசா அறுக்காம கவரோட தொங்க விடுங்க. தனியா விழுற துணுக்கு எந்தப் பழைய பேப்பர்காரர் மூட்டைக்கும் போகாது, நேரா சாக்கடைக்குத்தான் போகும். கவரைக் கழுவி, மேல்பக்கம் முழுசா வெட்டி, அடியில ரெண்டு மூலையிலயும் ஓட்டை போட்டா நாற்றுப் பை ரெடி. பப்பாளி, கத்தரி, மிளகாய் நாற்றெல்லாம் இதுலதான். வெள்ளைக் கவர்ல வெளிச்சம் உள்ளே போறதால ஓரமெல்லாம் பச்சையா பாசி பிடிக்கும், வேரும் வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்கும். சில பால் கவருக்கு உள்பக்கம் கறுப்பா இருக்கும், அது கிடைச்சா அதையே எடுத்துக்கங்க.

அடுத்தவங்க வாங்க.

---

குழாய்க்காரர்

நான் பிளம்பிங் வேலை பாக்குறவன். என் பிழைப்புல நானே மண்ணள்ளிப் போடுற மாதிரி ஒண்ணு சொல்றேன்.

சொட்டுற குழாய்ல பத்துக்கு எட்டு வாஷர் பிரச்சனைதான். பழைய மாடல், அதாவது திருகிக்கிட்டே இருந்தா மூடுற அரை இஞ்ச் குழாய்க்கு வாஷரை வீட்லயே வெட்டலாம். பழைய ஹவாய் செருப்புல வெட்டுறதைத்தான் எல்லாரும் சொல்வாங்க. வேலை செய்யும், ஆனா செருப்பு ஸ்பாஞ்சு ரப்பர். அழுத்த அழுத்தச் சப்பையாயிடும், கொஞ்ச நாள்ல மறுபடி சொட்ட ஆரம்பிச்சுடும். அப்போ ஜனங்க என்ன பண்றாங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் இறுக்குறாங்க. உள்ளே இருக்கிற பித்தளை சீட் தேஞ்சுபோச்சுன்னா அப்புறம் எந்த வாஷர் போட்டாலும் நிக்காது, குழாயையே மாத்தணும்.

லாரி டியூப் கிடைச்சா அதுல வெட்டுங்க. கெட்டி ரப்பர், தண்ணியில ஊறாது. பழைய வாஷரை மேல வச்சு பேனாவால வட்டம் போட்டு, கத்திரியால இல்ல, கூர்மையான பிளேடால ஒரே இழுப்புல வெட்டணும். ஓரம் பிசிறடிச்சா அந்த வழியாவே கசியும். சைக்கிள் டியூப் ரொம்ப மெல்லிசு, ரெண்டு மூணு அடுக்கு போடணும். அது ராத்திரி நேர அவசரத்துக்கு மட்டும்.

கால் திருப்புல மூடுற புது மாடல் குழாய்ல வாஷரே கிடையாது, உள்ளே செராமிக் தட்டு. அதைக் கழட்டி ரப்பர் தேடாதீங்க.

---

கரண்டி ராணி

அண்ணே, டெஃப்லான் டேப் சுத்துறதையும் சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் சுத்துவார், ஒவ்வொரு தடவையும் ஒழுகும்.

---

குழாய்க்காரர்

மரையோட வாய் உங்க முகத்தைப் பார்த்த மாதிரி பிடிச்சுக்கிட்டு, கடிகார முள் சுத்துற திசையிலயே சுத்தணும், நல்லா இழுத்துப் பிடிச்சு. எதிர்த் திசையில சுத்தினா குழாயைத் திருகும்போது டேப் கழண்டு சுருண்டு வந்துடும். வீட்டுக்காரரை உட்கார வச்சு இந்தப் பதிவைப் படிக்கச் சொல்லுங்க அக்கா.

---

ஈயப்பற்று

எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பக்கத்துலருந்து மூணு விஷயம்.

முதல்ல சமையல் சோடாவும் ஃபெவிக்விக்கும். உடைஞ்ச பிளாஸ்டிக் காது, மிக்ஸி ஜார் மூடியோட முனை, ரிமோட்டோட பேட்டரி கதவுக் கொக்கி, இதெல்லாம் வெறும் பசைக்கு நிக்காது. ஒட்டுற இடத்துல ஒரு துண்டு காணாம போயிருக்கும். அந்தப் பள்ளத்துல சமையல் சோடாவை மெல்லிசா தூவி, மேல ஒரு சொட்டு விடுங்க. ரெண்டே விநாடியில கல்லாயிடும். மறுபடி தூவுங்க, மறுபடி சொட்டு விடுங்க. இப்படி அடுக்கடுக்கா ஏத்தி, கடைசியில அரத்தால தேய்ச்சா பழைய வடிவம் வந்துடும். விடும்போது சூடு கிளம்பும், ஆவி கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க. பஞ்சு, காட்டன் துணி பக்கத்துல மட்டும் இந்தப் பசையைக் கொண்டு போகாதீங்க. பஞ்சுல பட்டா தோல் வெந்துபோற அளவுக்குச் சூடேறும், புகையே வரும். பசை கையில கொட்டிடுச்சுன்னு துணியால துடைக்கப் போறவங்கதான் இதுல மாட்டுறாங்க.

அடுத்தது சீலிங் ஃபேன். அஞ்சுல வச்சும் மூணு மாதிரி சுத்துதுன்னா மோட்டார் போச்சுன்னு புது ஃபேன் வாங்க ஓடாதீங்க. பெரும்பாலும் உள்ளே இருக்கிற கண்டென்சர் வீக். 2.5 மைக்ரோஃபாரட், கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழையதுல என்ன எழுதியிருக்கோ அதே அளவு போடணும். பெருசு போட்டா வேகமா சுத்தும்னு சில பேர் 4 போடுறாங்க, காயில் சூடாகிக் கருகும். மெயின் ஆஃப் பண்ணாம கை வைக்காதீங்க. பழக்கமில்லாதவங்க எலெக்ட்ரீஷியன்கிட்ட "கண்டென்சரை மட்டும் மாத்திக் குடுங்க"ன்னு கேட்டாலே பாதிச் செலவு மிச்சம்.

மூணாவது, எரியாத எல்.இ.டி. பல்பு. மேல் மூடியைக் கழட்டிப் பார்த்தா சின்னச் சின்ன மஞ்சள் கட்டங்கள்ல ஒண்ணுல மட்டும் கறுப்புப் புள்ளி இருக்கும். எல்லாம் ஒரே சங்கிலி, ஒண்ணு அறுந்தா மொத்தமும் இருட்டு. அந்த ஒண்ணைத் தாண்டி ஈயத்தால பாலம் போட்டா மீதி எரியும்.

---

மொட்டைமாடி

> அந்த ஒண்ணைத் தாண்டி ஈயத்தால பாலம் போட்டா மீதி எரியும்.

எரியும், எத்தனை நாளைக்கு? நிபந்தனை ஞாபகம் இருக்குல்ல?

---

ஈயப்பற்று

நியாயமான கேள்வி. எங்க கடை வாசல்ல ஒண்ணு மழைக்காலம் தாண்டி ஓடிக்கிட்டிருக்கு. ஆனா ஒரு கட்டம் கருகுச்சுன்னா மத்ததும் அதே சூட்டுலதான் வெந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம், அடுத்ததும் போகலாம். இன்னொண்ணு, இந்தப் பல்புகள்ல உள் சர்க்யூட்டுக்கும் கரண்டு லைனுக்கும் நடுவுல தடுப்பே கிடையாது. மூடி இல்லாம எரிய விட்டு விரலை வச்சா 230 வோல்ட்டும் உங்களுக்குத்தான். கழட்டி வச்ச பிறகும் கண்டென்சர்ல மிச்சம் நிக்கும். சால்டரிங் தெரியாதவங்க இதை விட்டுடுங்க, சத்தியமா சொல்றேன்.

கரண்டு இல்லாத ஒரு குறிப்பு: பூட்டு இறுகினா தேங்காய் எண்ணெய் விடாதீங்க, தூசியைப் பிடிச்சு இன்னும் இறுகும். பென்சில் கரியைச் சாவிமேல தேய்ச்சு நுழைச்சு எடுங்க. ஜிப்புக்கும் அதேதான்.

---

கொங்குத் தோட்டம்

நல்ல இழைங்க. தோட்டத்துப் பக்கம் நான் சொல்றேனுங்க.

அரிசிச் சாக்கு, 25 கிலோ பிளாஸ்டிக் நரம்புல நெய்தது. இதுல மண்ணு போட்டு மாடியில வெச்சா பாக்க லட்சணமா இருக்கும். ஒரு சித்திரை வெயில் பட்டா போதும், தொட்டாலே பொடியாக் கொட்டும். அந்தத் தூளு பூரா மண்ணுல கலந்துரும், பொறுக்கவே முடியாது. வெயிலுக்குத் தாங்கற சத்து அதுல கெடையாதுங்க. அதனால தக்காளி, கத்தரின்னு வெயில் கேக்கற செடிக்கு ஆகாது. இஞ்சி, மஞ்சள் மாதிரி நெழல்ல வர்றதுக்கு வெக்கலாம். எப்படியும் தோண்டறப்ப சாக்கைக் கிழிச்சுத்தானே கெழங்கை எடுக்கப்போறோம்.

வெயில்ல நிக்கறது பெயிண்ட் டப்பாதானுங்க, அந்த 20 லிட்டர் வாளி. உள்ளாற காஞ்ச பெயிண்ட்டைப் பூரா உரிச்சு எடுத்துப்போட்டு, அடியில அஞ்சாறு ஓட்டை, பக்கவாட்டுல அடியிலருந்து ரெண்டு விரக்கடை மேல இன்னும் நாலு ஓட்டை. பக்கத்து ஓட்டைதான் முக்கியம். மாடித் தளத்துல வாளி ஒட்டி உக்காந்துக்கிட்டா அடி ஓட்டை பூரா அடைச்சுக்கும். கைப்பிடி மட்டும் ரெண்டு வருசத்துல ஒடையும், மண்ணோட தூக்காதீங்க.

பழைய டயரை வெட்டி உள்வெளியாத் திருப்பினா பெரிய தொட்டி கெடைக்கும், வாழை கூட வெக்கலாமுங்க.

---

டார்ச்சு வெளிச்சம்

டயர்னு பார்த்ததும் ஓடி வந்தேன். டெங்கு சீசன்ல வீடு வீடாப் போய் டார்ச் அடிச்சுப் பார்க்கிற வேலை என்னோடது.

அண்ணா, டயரை வைக்கிறதுல தப்பில்ல. மடிப்புக்குள்ள நிக்கிற தண்ணிதான் பிரச்சனை. வெளியிலருந்து பார்த்தா காஞ்ச டயர் மாதிரியே இருக்கும், உள்மடிப்புல கையை விட்டா ஒரு டம்ளர் தண்ணி, அதுல நெளியும். ஏடிஸ் கொசுவுக்கு நம்ம ஊர் சூட்டுல முட்டையிலருந்து கொசுவா பறக்க 7 முதல் 10 நாள் போதும். தண்ணியைக் கொட்டிட்டா முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க. முட்டை தண்ணி மட்டத்துக்குச் சற்று மேல சுவர்ல ஒட்டியிருக்கும், காஞ்ச நிலையிலயே மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், அடுத்த மழையில பொரிக்கும். அதனால கொட்டின பிறகு தேங்காய் நாரால நல்லாத் தேய்ச்சுக் கழுவணும்.

டயர் தொட்டின்னா கீழ் மடிப்புல நாலஞ்சு இடத்துல ஓட்டை போட்டு, மடிப்பு முழுக்க மண்ணை அமுக்கி நிரப்புங்க. பறவைக்குத் தண்ணி வைக்கிற தேங்காய்ச் சிரட்டை, செடிச் சட்டிக்கு அடியில வைக்கிற தட்டு, இதெல்லாமும் வாரத்துக்கு ஒரு தடவை தேய்ப்புல சேர்த்தி. வீட்டுக்காரங்க குடத்தை மட்டும் மூடி வச்சுட்டு இந்தத் தட்டைக் கவனிக்கவே மாட்டாங்க.

---

கொங்குத் தோட்டம்

சரிங்க, ஓட்டை போட்டுத்தான் வெச்சிருக்கேன், மடிப்பைப் பாக்கறேன். அதே கையோட இன்னொண்ணு கேட்டுக்கறேன். குளுக்கோஸ் பாட்டில் வெச்சு சொட்டுநீர் விடறாங்களே, அது நல்லாத்தான் இருக்குது. அந்தச் சின்னச் சக்கரத்தை உருட்டினா சொட்டைக் கூட்டிக் கொறைச்சுக்கலாம். ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பழைய சாமான் கடையில மூட்டையாக் கெடைக்குதுங்க.

---

நைட் டூட்டி

நர்ஸா வேலை செய்யறேன். தயவுசெஞ்சு அந்த மூட்டையைத் தொடாதீங்க அண்ணா. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிப்படி அந்த பாட்டில், டியூப் எல்லாம் சிவப்புப் பையில போகணும். கிருமி நீக்கி, துண்டு துண்டா அரைச்சு, அதுக்கப்புறம்தான் மறுசுழற்சிக்கு. முழு பாட்டிலா வெளியில வருதுன்னா அது வரக்கூடாத வழியில வந்திருக்கு. டியூப்ல ரத்தம் ஏறியிருக்கும், மூட்டைக்குள்ள ஊசி கிடக்கும். தோட்டத்துல வெறுங்கையோட வேலை செய்யறவங்க நீங்க.

அதே வேலையை ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் செய்யும். மூடியில ஓட்டை போட்டு, பழைய காட்டன் வேட்டிக் கரையைத் திரியா முறுக்கி இறுக்கமா நுழைச்சு, தலைகீழா வேர்ப்பக்கம் புதைச்சிடுங்க. அடிப்பாகத்தை வெட்டி மேலே திறப்பு வச்சா நிரப்ப வசதி. மண்ணு காயக் காயத் திரி இழுத்துக்கும். நைலான் கயிறு வேண்டாம், காட்டன் அளவுக்கு அது தண்ணியை உறிஞ்சாது. திறப்பு மேல ஒரு வலைத்துணி கட்டிடுங்க, இல்லேன்னா டார்ச்சு வெளிச்சம் நாளைக்கே வந்துடுவார்.

---

டார்ச்சு வெளிச்சம்

நாளைக்கு இல்ல, இன்னைக்கே.

---

கரண்டி ராணி

சமையல்கட்டு என் ஏரியா.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊத்தினா பொங்குது, எல்லா வீடியோவிலும் "ஆஹா" போடுறாங்க. பொங்கி முடிஞ்சதும் மிச்சம் இருக்கிறது கொஞ்சம் உப்புத் தண்ணிதான். புளிப்பும் காரமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடுது. தனித்தனியா ரெண்டும் கெட்டிக்காரங்க. அடிப்பிடிச்ச பாத்திரத்துக்குத் தண்ணியில ரெண்டு ஸ்பூன் சோடா போட்டுக் கொதிக்க விட்டு ஆறவிடுங்க, கருகல் பொருக்காப் பெயர்ந்து வரும். அலுமினியத்துக்கு மட்டும் சோடா வேண்டாம், கறுத்துடும். கெட்டில்ல வெள்ளையாப் படியிற உப்புக்கு வினிகர், இல்லேன்னா எலுமிச்சை. பித்தளைக்கும் செம்புக்கும் நம்ம புளியை மிஞ்ச எதுவும் இல்ல. புதுப் புளி வேண்டாம், கறுத்துப்போன பழம்புளி போதும், கல்லுப்பு கொஞ்சம் சேர்த்துத் தேய்ச்சா பளிச்.

எலுமிச்சை, சாத்துக்குடித் தோல்ல எஞ்சைம், அதாவது தோலைப் புளிக்க வச்சு எடுக்கிற கிளீனர் போடுறவங்க கணக்கு: வெல்லம் 1, தோல் 3, தண்ணி 10, மூணு மாசம். முதல் மாசம் தினமும் மூடியைத் திறந்து காத்தை வெளியே விடணும். கண்ணாடி பாட்டில்ல போடவே கூடாது, வெடிச்சா கண்ணாடிச் சில்லு சிதறும். தரை துடைக்க, சிங்க் கழுவ நல்லா இருக்கு. மார்பிள், கடப்பாக்கல்லுல ஊத்தாதீங்க, புளிப்பு கல்லோட மெருகைத் தின்னுடும்.

ரொம்ப முக்கியமா இன்னொண்ணு. "பவர்ஃபுல் கிளீனர்"னு சொல்லி ப்ளீச்சிங் பவுடரோட டாய்லெட் ஆசிட்டைக் கலக்கிற வீடியோ சுத்துது. அதுலருந்து வர்றது குளோரின் வாயு. கதவு மூடின பாத்ரூம்ல மூச்சு அடைச்சுப் போகும். வினிகரோட கலந்தாலும் அதே கதைதான். யாராவது உங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருந்தா திட்டிட்டு வாங்க.

அப்புறம் பஜ்ஜிக்கு எண்ணெய் வடிக்க நியூஸ் பேப்பர். மை சாப்பாட்டுல ஏறும், அதுல ஈயம் உட்பட என்னென்னமோ இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016லயும் 2023லயும் சொல்லியாச்சு. பேப்பரை ஜன்னல் கண்ணாடி துடைக்க வச்சுக்கங்க, பஜ்ஜியைக் கம்பி ஜல்லடையில வடிய விடுங்க. மொறுமொறுப்பும் அதுலதான் நிக்கும்.

---

வில்லிவாக்கம் வாசி

சென்னைக்காரங்க 2019ஐ மறக்க மாட்டீங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் காஞ்சுபோய், ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல 50 டேங்கர்ல தண்ணி எங்க வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்குச்சு. அந்தக் கோடையில பழகினது எங்க தெருவுல பல வீட்ல இன்னும் விடல.

ஏ.சி. வடிகால் தண்ணி. சென்னைப் புழுக்கத்துல ராத்திரி முழுக்க ஓடினா காலையில வாளி நிறைஞ்சிருக்கும். குழாயை பால்கனி வழியா ஒரு மூடி போட்ட கேனுக்குள்ள விட்டுருக்கோம். வீடு துடைக்க, வண்டி கழுவ, செடிக்கு. உப்பே இல்லாததால கார் கண்ணாடியில திட்டு விழாது, அதுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல.

ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணி வேற ஜாதி. ஒரு லிட்டர் குடிக்கத் தர்றதுக்குள்ள மூணு லிட்டர் வெளியே தள்ளும், அதுல உப்பு கூடுதல். பாத்திரம் முதல் கழுவு, டாய்லெட் வாளி, வாசல் தெளிக்க. செடிக்கு ஊத்திக்கிட்டே இருந்தா மண்ணு மேல வெள்ளை பூத்து இலை ஓரம் கருகும்.

ஃபிளஷ் டேங்குக்குள்ள ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணியும் ரெண்டு கூழாங்கல்லும் போட்டு நிக்க வச்சிருக்கோம். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் போடச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, கரைஞ்சு வால்வுல மண்ணடைக்கும்.

கேள்வி: ஏ.சி. தண்ணியை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாமா? பக்கத்து வீட்ல ஊத்துறாங்க.

---

ஈயப்பற்று

வேண்டாம். உப்பு இல்லைங்கிறது உண்மை, ஆனா காயில் மேல இருக்கிற தூசி, செம்பு, அலுமினியத்தையெல்லாம் கழுவிக்கிட்டுத்தான் அது இறங்குது. பேட்டரித் தகடு ஆயுசு குறையும். டிஸ்டில்டு வாட்டர் கேன் விலையையும் பேட்டரி விலையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

---

பனங்காய்ப் பணியாரம்

வணக்கம். நான் யாழ்ப்பாணம். நீங்கள் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறதுக்காகச் செய்யிறியள். எங்களுக்கு 1990க்குப் பிறகு வேற வழியே இல்லாமல் செய்தது. கரண்ட் இல்லை, பற்றறி இல்லை, சவுக்காரம் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. பொருளாதாரத் தடைக் காலம். இப்ப இருக்கிற பிள்ளையளுக்குச் சொன்னால் நம்பாதுகள்.

முதலில யாம் போத்தல் விளக்கு, உங்கட ஜாம் பாட்டில்தான். பழைய யாம் போத்தலுக்கு அடியில கொஞ்சம் பஞ்சை வைச்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுறது. சைக்கிள் வால்வுக்கட்டைக்குள்ளால மெல்லிய திரியைக் கோர்த்து உள்ளுக்குள்ள நிப்பாட்டுறது. சுடர் ஒரு பயறளவுதான், போத்தல் சுவர் காத்தை மறைக்கும். எண்ணெய் முழுக்கப் பஞ்சுக்குள்ள நிக்கிறதால தட்டுப்பட்டுச் சரிஞ்சாலும் ஓடாது. அதுதான் அதின்ர கெட்டித்தனம். அந்த வெளிச்சத்தில படிச்சுச் சோதினை எழுதினவை இண்டைக்கு டொக்டரும் எஞ்சினியருமா இருக்கினம். காலமை எழும்பினால் மூக்குக்குள்ள கரி.

பிறகு சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, மற்றாக்கள் சுத்தி இருந்து றேடியோவில செய்தி கேக்கிறது. டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதில வாறது மாறு மின்னோட்டம், றேடியோக்கு நேர் மின்னோட்டம் வேணும், அதால ஒரு பக்கத்துக்கு மட்டும் கரண்டை விடுற டயோட் நாலு பூட்டித்தான் குடுக்கோணும். சுத்திறவர் களைச்சால் செய்தி வாசிக்கிறவரும் சேர்ந்து களைப்பார். முக்கியமான செய்தி நேரம் எண்டால் ஊரில பலசாலியான பெடியனைத்தான் பெடலுக்கு விடுறது.

மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்ராட் எடுக்க மட்டும் சின்னப் போத்தலால ரெண்டு துளி பெற்றோல் அடிக்கிறது, பிறகு மண்ணெண்ணெயில புகை கக்கிக்கொண்டு போகும். இதை இண்டைக்கு ஒருத்தரும் செய்யாதேங்கோ, எஞ்சின் நாசம்.

ஆனால் ஒண்டு இண்டைக்கும் செய்யலாம். பனங்காய்ச் சவுக்காரம். நல்லாப் பழுத்த பனம்பழத்தின்ர களியைத் தண்ணியில பிசைஞ்சு துணியில போட்டுக் கசக்கினால் நுரைக்கும். பனங்களியின்ர கைப்புக்குக் காரணமான பொருள் ஒரு சபோனின், சீயாக்காய் நுரைக்கிற மாதிரித்தான் இதுவும். அழுக்குப் போகும். ஆனால் நல்லா அலசோணும், வாசம் துணியில நிக்கும். கொடியில காயப்போட்டால் மாடு வந்து சப்பிக்கொண்டு நிக்கும். அம்மா தடியோட காவல் இருந்தவ.

---

மொட்டைமாடி

அக்கா, நிபந்தனையைப் பத்தி உங்ககிட்ட பேசவே தகுதியில்லை எனக்கு.

---

கொங்குத் தோட்டம்

> சுத்திறவர் களைச்சால் செய்தி வாசிக்கிறவரும் சேர்ந்து களைப்பார்.

சிரிச்சுட்டேனுங்க. சிரிக்கற விசயமில்லீங்க, மன்னிச்சுக்கங்க.

---

பனங்காய்ப் பணியாரம்

சிரியுங்கோ தம்பி, நாங்களும் அப்ப சிரிச்சனாங்கள்தானே.

---

நெல்லை வாத்தியார்

வால்வுக்கட்டைன்னதும் வந்துட்டேன். சைக்கிள் வால்வு மேல போடுற மெல்லிய ரப்பர் குழாய் இருக்கில்லா, எங்க ஊர்ல வால்டியூப்னுதான் கேப்போம். அதை ஒரு சென்டிமீட்டர் துண்டா வெட்டி ரெண்டு பக்கமும் தீக்குச்சியை நுழைச்சா ஒரு மூட்டு. நடுவுல ஊசியால குத்தி மூணாவது குச்சியை ஏத்துனா மூணு மூட்டு. முக்கோணம், சதுரம், கனசதுரம் எல்லாம் பிள்ளைகளே கட்டிருவாவ. சதுரத்தை அழுத்துனா சாயும், முக்கோணம் சாயாது. பாலத்துலயும் கூரையிலயும் ஏன் முக்கோணமா வருதுன்னு அதுக்கு மேல பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

இது என் சரக்கில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்ச அரவிந்த் குப்தா 1970களின் கடைசியில மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் பக்கம் பள்ளி அறிவியல் திட்டத்துக்குப் போனப்போ உருவாக்குனது. குப்பையிலருந்து பொம்மைன்னே அவருக்குப் பேரு, 2018ல பத்மஸ்ரீ. பேட்டரி, ஒரு வட்டக் காந்தம், ரெண்டு ஊக்கு, எனாமல் கம்பிச் சுருள், இதை மட்டும் வச்சு ஓடுற மோட்டார் எங்க வகுப்புல வருஷா வருஷம் செய்வோம். சூட்சுமம் ஒண்ணுதான்: சுருளோட ஒரு முனையில எனாமலை முழுசாச் சுரண்டணும், மறு முனையில பாதி வட்டம் மட்டும் சுரண்டணும். ரெண்டையும் முழுசாச் சுரண்டுனா ஆடிக்கிட்டு நிக்குமே தவிர சுத்தாது. சுத்தாத மோட்டார் வச்சிருக்க பிள்ளைகள்ட்டத்தான் அதிகமா பேச்சு நடக்கும்.

---

வில்லிவாக்கம் வாசி

ஒரு சந்தேகம். ரெண்டு மண்பானைக்கு நடுவுல ஈரமணல் போட்டு காய்கறி வைக்கிற "கரண்டில்லா ஃபிரிட்ஜ்", அப்புறம் கூரையில பாட்டில் சொருகுற பல்பு, இது ரெண்டையும் யாராவது வீட்ல வச்சிருக்கீங்களா?

---

நெல்லை வாத்தியார்

பானை, காத்து காஞ்ச ஊருக்குத்தான். வட நைஜீரியாவுல முகமது பா அப்பாங்கிற ஆசிரியர் பரப்பி 2000ல ரோலெக்ஸ் விருது வாங்குனாரு. அங்க பாலைக் காத்து, தண்ணி சட்டுனு ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகும். உங்க சென்னையில காத்தே ஏற்கெனவே நனைஞ்சுதான் கிடக்கு, எங்க ஆவியாக? கரூர், திருச்சிப் பக்கம் சித்திரை வைகாசியில நல்லா வேலை செய்யும். கீரை, வெள்ளரி, தக்காளிக்கு. ஐப்பசி வந்தா பூஞ்சை பிடிக்கும், கழுவி கவுத்திரணும்.

பாட்டில் பல்பு பிரேசில்ல அல்ஃப்ரெடோ மோசர்ங்கிற மெக்கானிக் 2002ல செஞ்சது. ரெண்டு லிட்டர் பாட்டில், தண்ணி, பாசி பிடிக்காம ரெண்டு மூடி ப்ளீச். பாதி கூரைக்கு மேல, பாதி கீழ. பகல்ல 40லருந்து 60 வாட் பல்பு அளவுக்கு வெளிச்சம் வரும். பிலிப்பைன்ஸ்ல 2011லருந்து ஆயிரக்கணக்கான குடிசைக்குப் போட்டாவ. ஆனா நம்ம ஊர்ல நிறையக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதுல ஓட்டை போடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தகரக் கூரைன்னா போடலாம், சுத்தி அடைக்கிற பிசின்லதான் எல்லாம் இருக்கு. சரியா அடைக்காட்டா மொத மழையிலயே ஒழுகும். கையில கொஞ்சம் காசு இருந்தா ஹார்டுவேர் கடையில ஒளி புகுற ஷீட் ஒண்ணு வாங்கி நடுவுல போட்டுட்டுப் போயிரலாம்.

---

சின்னமனூர் மருமகள்

கரண்டி ராணி அக்கா, குக்கர் பத்தி ஒண்ணும் சொல்லலையே. கேஸ்கெட் லூசாகி விசில் வரல. மாமியார் ஃப்ரீசர்ல வைக்கச் சொல்றாங்க. கொழுந்தனார் அந்த சேஃப்டி வால்வு அடிக்கடி போகுதுன்னு அங்க ஒரு போல்ட் போட்டு நிரந்தரமா அடைச்சுத் தரேங்கிறார்.

---

கரண்டி ராணி

மாமியார் சொல்றது அன்னைக்குச் சமையலுக்குச் சரி. பத்து நிமிஷம் குளிர்ல இருந்தா ரப்பர் சுருங்கி இறுகும், விசில் வரும். அதுக்குள்ள புதுசு வாங்கிடுங்க.

கொழுந்தனாரைக் கிட்டயே விடாதீங்க. அந்த வால்வுக்குள்ள சீக்கிரம் உருகுற உலோகம் இருக்கு. விசில் துவாரம் அடைச்சுக்கிட்டாலோ, தண்ணி வத்திச் சூடு ஏறினாலோ அது உருகி ஆவியை வெளியே விடணும், அதுக்குத்தான் வச்சிருக்காங்க. அடிக்கடி போகுதுன்னா பருப்பு நுரைச்சு விசில் குழாய் அடைச்சிருக்கும், இல்லேன்னா தண்ணி பத்தலை. போல்ட் போட்டா அடுத்து பறக்கிறது மூடிதான். வால்வும் கேஸ்கெட்டும் அதே கம்பெனி, அதே சைஸ், ஐ.எஸ்.ஐ. முத்திரையோட வாங்குங்க. ஒவ்வொரு தடவையும் மூடியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு விசில் துவாரத்துல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க.

---

குழாய்க்காரர்

அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு. அழுத்தம் தாங்குற எதுக்கும் வீட்டு உத்தி கிடையாது. குக்கர், கேஸ் ரெகுலேட்டர், கேஸ் டியூப், கீசர் வால்வு. கேஸ் டியூப்ல சைக்கிள் டியூப் சுத்தி வச்சிருந்த வீட்டை என் கண்ணால பார்த்திருக்கேன்.

---

சின்னமனூர் மருமகள்

சரிக்கா, போல்ட் கேன்சல். அந்தப் பழைய அஞ்சு லிட்டர் குக்கர் ஒண்ணு பரண்ல கிடக்கு, மூடி சரியா பூட்டல. எடைக்குப் போட்டுடவா?

---

கரண்டி ராணி

போடாதீங்க, கேக் சுடலாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழட்டி வெளியே வச்சிடணும், இதை மறக்கவே கூடாது. அடியில ரெண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு, மேல ஒரு ஸ்டாண்டு, அதுமேல கேக் டின். தண்ணி கிடையாது. மூடியைச் சும்மா சாத்தி வைங்க, மிதமான தீயில பத்து நிமிஷம் காலியாச் சூடாக்கிட்டு அப்புறம் டின்னை இறக்குங்க, சிம்ல வைங்க. நாற்பது நிமிஷம் கழிச்சு ஈர்க்குச்சி விட்டுப் பாருங்க. ஒட்டினா இன்னும் அஞ்சு நிமிஷம். இப்படி வறண்டு சூடாகிற குக்கரை மறுபடி சாதம் வைக்க எடுக்காதீங்க, கேக்குக்குன்னே ஒதுக்கிடுங்க. உப்பை ஆறினதும் டப்பாவுல போட்டு "கேக் உப்பு"ன்னு எழுதி வச்சுக்கங்க, பழுப்பாகிடும், ஆனா அடுத்த கேக்குக்கும் அதே உப்புதான். சாம்பார்ல போட்டுடப் போறாங்க யாராவது.

---

சின்னமனூர் மருமகள்

முட்டை இல்லாத கேக்குக்கும் அதே நேரம்தானாக்கா?

---

கரண்டி ராணி

அதே நேரம்தான். டின்னுல முக்காலுக்கு மேல மாவு ஊத்தாதீங்க.